மந்திரச் சொல்லும் அறிவியற் சொல்லும்



அறிவியல் வகுப்பில் மாய வித்தைகளைக் காட்டி மாணவரின் கருத்தைக் கவர்தல் என்பது இன்றைய உரையின் பொருள். மொழியியல் கற்றோருக்கும் வித்தைக்கும் என்ன தொடர்பு என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். வித்தையைக் காட்டுவது கை. அதை அறிவியலாக மாற்றுவது சொல். அந்தச் சொல்லைப் பற்றிப் பேசவே நாம் வந்துள்ளோம்.

முதலில் ஒரு நினைவு. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அனைவரும் ஒரு வித்தையைக் கண்டிருப்பார்கள். விடியற்காலையில் பெரட்டு முடிந்து பால்வெட்டுக்குச் சென்ற பெற்றோர், முற்பகலில் வாளி நிறையப் பாலோடு திரும்புவர். ஸ்டோரில் அந்தப் பால் வடிகட்டப்பட்டு, நீர் கலந்து, தொட்டிகளில் ஊற்றப்படும். பிறகு ஒருவர் சிறிதளவு நீர்மத்தை அதில் சேர்ப்பார். பார்ப்பதற்குத் தண்ணீர் போன்றே இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி மட்டும் வேறு. சில மணி நேரம் சென்றபின் பாலைக் காணோம். வெண்மையான கட்டி ஒன்று தொட்டியில் கிடக்கும். அதை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்குவர்.

சிறுவர்களாகிய நாம் அங்கே நின்று, "எப்படி?" என்று கேட்டோம். "ஆசிட்டு ஊத்துனாங்க" என்பதே விடை. அந்த ஒரு சொல்லோடு கேள்வி முடிந்துவிட்டது. நாமும் மற்றப் பிள்ளைகளிடம் சென்று, "ஆசிட்டாம்" என்று பெருமையோடு சொன்னோம். அந்தச் சொல்லால் நமக்கு எதுவும் விளங்கவில்லை. ஆயினும் விளங்கிவிட்டது போன்ற ஒரு நிறைவு ஏற்பட்டது. சொல் ஒன்று விளக்கத்தின் இடத்தில் அமர்ந்துகொண்டு கேள்வியை விரட்டிவிடும் அந்த நிலையைத்தான் இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

மறைக்கும் கையும் திறக்கும் கையும்

வித்தையும் அறிவியலும் நெடுங்காலமாக உறவு கொண்டவை. அவ்வுறவு எவ்வாறு இருவேறு திசைகளில் செல்லக்கூடும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் இரண்டு சான்றுகள் உள்ளன.

இராபர்ட் ஊடேன் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற வித்தைக்காரர். 1856ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவரை அல்சீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த சமயத் துறவியரைக் காட்டிலும் பிரெஞ்சுக்காரரிடம் பேராற்றல் உண்டு என்று காட்டுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்தார். வலிமை மிக்க ஓர் இளைஞரை அழைத்து அதைத் தூக்கச் சொன்னார். எளிதாகத் தூக்கினார். "இப்பொழுது உன் வலிமையைப் பறித்துவிட்டேன், மீண்டும் தூக்கு" என்னும் பொருள்பட வித்தைக்காரர் அறிவித்தார். பெட்டி அசையவில்லை. மேடைக்கு அடியில் ஒரு மின்காந்தம் மறைந்திருந்தது. பெட்டியின் அடியில் இரும்பு இருந்தது. மின்சாரம் பாய்ந்தபோது காந்தம் பெட்டியைப் பற்றிக்கொண்டது. அவையோர் கண்டது இயற்பியல். அவர்கள் மனத்தில் பதிந்ததோ அச்சம்.

அதே காலத்தில் இலண்டன் அரச கழகத்தில் மைக்கேல் பாரடே சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவர். அக்கழகத்தில் 1825 முதல் நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 தொடர்களை அவரே நிகழ்த்தினார். அவற்றுள் ஒரு தொடருக்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி ஒரு மெழுகுவத்தி. மெழுகு எங்கே போகிறது, சுடர் ஏன் ஒளிர்கிறது, எரிந்தபின் என்ன உண்டாகிறது என்று சிறார் முன்னிலையில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அவருடைய மேடையிலும் வியப்பு இருந்தது. மறைவிடம் மட்டும் இல்லை.

மின்காந்தம் இருவருக்கும் பொதுவானதே. ஒருவர் கையில் அது அடிமைப்பட்ட மக்களை மேலும் அடக்கும் கருவியாயிற்று. மற்றவர் கையில் ஏழைச் சிறுவனும் பற்றிக்கொள்ளக்கூடிய அறிவாயிற்று. பாரடேவே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்து அறிவியலுக்கு வந்தவர். வகுப்பில் வித்தை காட்ட எண்ணும் ஆசிரியர், தம் கை இவற்றுள் எந்தக் கை என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

தமிழ் வழங்கும் நிலத்தில்

நம்மவரிடையேயும் இம்மரபு உண்டு. கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர், இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். அற்புத ஆற்றல் உண்டென்று கூறுவோர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அதை மெய்ப்பித்தால் ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை வென்றவர் எவருமிலர். அவர் வழியில் வந்த பிரேமானந்த் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்தவர். கையிலிருந்து திருநீறு வரவழைத்தல், நாக்கின்மேல் கற்பூரம் ஏற்றுதல் போன்றவற்றை ஊர் ஊராகச் செய்துகாட்டி, ஒவ்வொன்றின் பின்னுள்ள காரணத்தையும் மக்களுக்கு விளக்கினார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், "மந்திரமா? தந்திரமா?" என்னும் நிகழ்ச்சியைப் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது.

அந்தத் தலைப்பை மொழி நோக்கில் சற்றுக் காண்போம். மந்திரம், தந்திரம் என்னும் இரண்டும் ஓசையில் இணைந்தவை. பொருளில் எதிரெதிராக நிறுத்தப்பட்டவை. தொல்காப்பியர் செய்யுளியலில் மந்திரத்தை மறைமொழி என்கிறார். மறைந்திருப்பது அதன் இயல்பு. பொருளைப் பிரித்துக் கேட்கலாகாது. சொன்னபடி சொன்னால் பலிக்கும் என்பதே அதன் ஆற்றல். தந்திரமோ செய்முறை. செய்முறையை யாரும் கேட்கலாம்; கற்கலாம்; தாமே செய்து பார்க்கலாம். ஆதலின் அத்தலைப்பிலுள்ள வினா, "இது பேயா, பொய்யா?" என்பதன்று, "இது கேள்வி கேட்கலாகாத மொழியா, கேள்வி கேட்கத்தக்க செயலா?" என்பதே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கோவூரும் பிரேமானந்தும் ஏமாற்றுக்காரரை எதிர்த்து மேடை ஏறியவர்கள். வகுப்பறை அத்தகைய மேடையன்று. மாணவரின் பாட்டி ஏமாற்றுக்காரர் அல்லர். தீமிதித் திருவிழாவைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால், கரியும் சாம்பலும் வெப்பத்தை மெல்லக் கடத்துபவை என்றும், பாதம் தணலில் படும் நேரம் மிகக் குறைவு என்றும் ஆசிரியர் கூறலாம். வீட்டில் முயலலாகாது என்றும் கூறவேண்டும். நேர்த்திக்கடன் செலுத்துவோரின் மனத்தை அளக்க அறிவியலில் கருவி இல்லை. அதை எள்ளி நகைக்கும் ஆசிரியர் ஒரு மூடநம்பிக்கையை வெல்லமாட்டார். ஒரு பிள்ளையை இழப்பார்.

புதிய மந்திரங்கள்

இனி, நாம் கண்ட ஒரு வகுப்பைச் சொல்வோம். ஈப்போவுக்கு அண்மையிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்பும் வந்தபின் நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்த பள்ளி அது. ஆர்வம் மிக்க ஆசிரியை ஒருவர் குவளை நிறைய நீர் எடுத்து, வாயை ஓர் அட்டையால் மூடி, குவளையைக் கவிழ்த்து, கையை எடுத்தார். நீர் கொட்டவில்லை. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். பின்வரிசையில் எப்பொழுதும் வாய் திறவாத ஒரு மாணவன் எழுந்தே நின்றுவிட்டான். ஆசிரியை புன்னகையோடு, "இதற்குக் காரணம் காற்றழுத்தம்" என்று கூறி, அதை வெண்பலகையில் எழுதினார். எல்லாரும் எழுதிக்கொண்டனர். மாணவன் அமர்ந்துவிட்டான்.

வகுப்பு முடிந்தபின் அவனை அழைத்து, "தண்ணீர் ஏன் கொட்டவில்லை?" என்று வினவினோம். "காற்றழுத்தமாம்" என்றான்.

அவையோர் அந்த ஈற்றைக் கவனிக்க வேண்டும். "ஆம்" என்னும் அச்சிறு ஒட்டு, தமிழின் அரிய செல்வங்களுள் ஒன்று. தாம் நேரில் அறியாத, பிறர் சொல்லக் கேட்ட செய்தியை அது குறிக்கும். "மழை பெய்தது" என்பவர் நனைந்தவர். "மழை பெய்ததாம்" என்பவர் கேட்டவர். உலகின் பல மொழிகள் இதற்கெனத் தனிச் சொற்றொடர் தேடவேண்டும். நம் மொழியில் ஓர் அசையே போதும். அந்த மாணவன் பொய் சொல்லவில்லை. விடை தன்னுடையதன்று என்பதை இலக்கணம் வழுவாமல் அறிவித்தான். அவனைப் பொறுத்தவரை காற்றழுத்தம் என்பது, வித்தைக்காரர் கோலைச் சுழற்றிக் கூறும் மந்திரச் சொல்லுக்குச் சமம். ஸ்டோர் வாசலில் "ஆசிட்டாம்" என்ற சிறுவரின் குரலை நாம் அங்கே மீண்டும் கேட்டோம்.

கலைச்சொல் மிக முன்னதாக வந்துவிட்டால், அதுவும் மறைமொழியாகிவிடும். இதுவே நம் உரையின் மையக் கருத்து.

ஓர் "உம்" செய்யும் வேலை

சில நாள் கழித்து அதே ஆசிரியையின் இசைவோடு அதே வித்தையை மறுபடி நடத்தினோம். இம்முறை கலைச்சொல்லைச் சொல்வதில்லை என்று உடன்பாடு. "ஏன் விழவில்லை?" என்ற கேள்வி மட்டும் வைக்கப்பட்டது. பிள்ளைகள் தம் வீட்டு மொழியில் பேசலாம் என்றும் கூறப்பட்டது.

"தண்ணி அட்டைய ஒட்டிக்கிச்சு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. "கீழேருந்து காத்து முட்டுது" என்றான் மற்றொருவன். இரண்டும் செம்மையான ஊகங்கள். முதல் ஊகத்திலும் உண்மை உண்டு. நீரின் பரப்பு இழுவிசை, குவளையின் விளிம்பிலுள்ள இடுக்கை அடைத்துக் காற்று உட்புகாமல் காக்கிறது. ஆயினும் நீரின் எடையைத் தாங்குவது அதுதானா?

இப்பொழுது ஆசிரியை நெகிழிக் குவளை ஒன்றை எடுத்தார். அதன் அடியில் முன்னரே ஆணியால் ஒரு சிறு துளை இடப்பட்டிருந்தது. துளையை விரலால் அடைத்துக்கொண்டு நீர் நிரப்பி, அட்டை வைத்துக் கவிழ்த்தார். அட்டை நின்றது. "விரலை எடுத்தால் என்ன ஆகும்? முதலில் எழுதுங்கள்" என்றார்.

ஒட்டிக்கொண்டது என்று எண்ணியோர், "விரலை எடுத்தாலும் விழாது" என்று எழுதினர். காற்று முட்டுகிறது என்று எண்ணியோர், "எடுத்தால் விழும், மேலேயும் காற்று வந்து தள்ளும்" என்று எழுதினர். எடுத்தால், எடுத்தாலும்: இரண்டு கொள்கைகளுக்கும் இடையே நிற்பது ஓர் "உம்". தமிழ் இலக்கண வகுப்பில் நிபந்தனை எச்சம் என்று நாம் கற்பிப்பது, அறிவியல் வகுப்பில் கருதுகோளின் வடிவமாகிறது. பிள்ளைக்கு இந்த "உம்" கைவரவில்லையெனில் சோதனை என்பதே பொருளற்றது.

விரல் எடுக்கப்பட்டது. அட்டை விழுந்தது, நீர் தரையெங்கும் கொட்டியது. "காத்துதான் டீச்சர்! காத்துதான்!" என்று கூவியவன் அதே பின்வரிசை மாணவன். "ஆம்" போய்த் "தான்" வந்துவிட்டது. கேட்டவன் கண்டவனானான்.

அதன் பிறகே ஆசிரியை பலகையில் காற்றழுத்தம் என்று எழுதினார். அழுத்து என்னும் வினையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆதலால் அச்சொல் இப்பொழுது வானத்திலிருந்து இறங்கவில்லை. அவர்கள் கண்டதற்கு இடப்பட்ட பெயராயிற்று. பெரிய வகுப்பு மாணவர்க்கு எண்களையும் காட்டலாம். கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளையின் வாயில் அது ஏறத்தாழ 40 கிலோகிராம். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரின் எடையோ 400 கிராமுக்கும் குறைவு. வியப்பு இக்கணக்கால் குறையவில்லை, கூடுகிறது.

தவறான விளக்கமும் ஒரு கண்கட்டே

வித்தைக்குப் பின் சொல்லப்படும் விளக்கம் சரியானதா என்பதையும் ஆராய வேண்டும். தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடிக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். சுடர் உயிர்வளியை உண்டுவிட்டது. காற்றில் உயிர்வளி ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த அளவு நீர் ஏறியது என்ற விளக்கம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பிழையானது. எரியும்போது உயிர்வளி குறைந்தாலும், அதற்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் தோன்றுகின்றன. சூட்டினால் விரிந்த காற்றில் ஒரு பகுதி குவளையின் விளிம்பு வழியே வெளியேறுகிறது. சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. இதுவே முதன்மைக் காரணம்.

இதையும் ஆசிரியரின் வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டியதில்லை. நீர் எப்பொழுது விரைந்து ஏறுகிறது என்று உற்றுநோக்கினால், சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்தபின்னும் என்பது புலனாகும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் நீர் இன்னும் உயர ஏறும். உயிர்வளியின் அளவோ மாறவில்லை. "அப்படியானால் பழைய விளக்கம் எப்படிச் சரியாகும்?" என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், அன்றைய வகுப்பு வெற்றி பெற்றது.

"காரம்" காட்டும் மாயம்

சில வேளைகளில் வித்தை காட்டுவது கையன்று, சொல்லே. அமிலம், காரம் என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறமாகும். ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டிலும் இது நிகழ்கிறது. நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியின் இதழ்ச்சாறு எலுமிச்சைச் சாற்றில் சிவக்கும். சுண்ணாம்பு நீரில் பசுமை கொள்ளும். அவ்விதழைத் தேய்த்து உலர்த்திய கத்தியால் எலுமிச்சையை அறுத்துவிட்டு, பழம் குருதி சிந்தியதென்று கூறி ஊரை ஏமாற்றியவர்களும் உண்டு.

மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாளை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, "காரம் பட்டால் இது சிவக்கும், எந்தப் பொருளில் காரம் உண்டு, கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் மிளகாய் கொண்டு வருவர். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு தமிழறிவின்படி சரி. நம் நாவுக்குக் காரம் என்பது உறைப்பு. பச்சை மிளகாயை இடித்துப் பிழிந்து தாளில் விட்டால், தாள் சிவக்காது. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தை நனைத்துத் தேய்த்தால் உடனே சிவக்கும்.

ஏன்? பழைய வழக்கில் அரிக்கும் தன்மையுள்ள உப்புப் பொருள்களையும், நாவை எரிக்கும் சுவையையும் காரம் என்னும் ஒரே சொல் சுட்டியது. வேதியியலார் முதற்பொருளை எடுத்துக்கொண்டனர். சமையலறை இரண்டாவதை வைத்துக்கொண்டது. சவர்க்காரம் என்ற சொல்லின் ஈற்றில் முதற்பொருள் இன்றும் உறைந்து கிடக்கிறது. அதனால் ஈற்றைப் பார்த்தே முடிவு செய்யலாமா என்றால், அதுவும் ஆகாது. படிகாரத்தின் பெயரிலும் காரம் உண்டு. அதன் கரைசலோ அமிலத்தன்மை உடையது. மஞ்சள் தாளை அது சிவக்கச் செய்யாது.

மிளகாய் கொண்டுவந்த பிள்ளையை ஆசிரியர் திருத்தி அமர்த்திவிட்டால், பாடநூற்பொருள் ஒன்று வீட்டுப்பொருள் ஒன்று என இரண்டும் அவள் மனத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். அவளே தாளில் விட்டுப் பார்த்து, "பேர் ஒன்று, பொருள் இரண்டு" என்று கண்டுகொண்டால், வேதியியலோடு சொற்பொருளியலும் கற்றவளாவாள்.

இப்பாடத்திற்குப் பொருள் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அதுவே நெடுங்காலம் அம்மலைகளைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. கல்லுமலைக் கோவிலுக்குச் செல்லும் பிள்ளை ஓர் அமிலத்தின் பணியைக் கண்முன் காண்கிறது. அதே கல்லைச் சூளையில் சுட்டு நீரிட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பு. அது மஞ்சளைச் சிவக்கச் செய்யும் காரம். கல்லின்மேல் புளிக்காடி சில துளி விட்டால் நுரைத்தெழும் வாயு, மலை வெளியிடும் மூச்சைப் போன்றது.

எந்த மொழியில் என்னும் கேள்வி

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அம்முறையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தமிழ்ப்பள்ளிகளில் அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. 2016இல் வந்த இருமொழிப் பாடத்திட்டம் குறித்து நம் சமூகத்தில் கடும் விவாதம் எழுந்ததை அனைவரும் அறிவர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். ஆதலின் அவ்விவாதம் நமக்கு ஏட்டளவில் நின்றதன்று.

இவ்விவாதங்களில் இரு தரப்பாரும் கலைச்சொற்களைப் பற்றியே மிகுதியாகப் பேசினர். ஆங்கிலச் சொல் பிற்காலக் கல்விக்கு உதவும் என்றது ஒரு தரப்பு. தமிழ்ச் சொல் எளிதில் விளங்கும் என்றது மறு தரப்பு. மேற்கல்விக்கு ஆங்கிலச் சொற்கள் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கலைச்சொல் அறிவியலின் கடைசிப் படி. அதற்கு முன்னுள்ள படிகளில் பிள்ளைக்குத் தேவைப்படுபவை "ஒருவேளை", "ஏனென்றால்", "அப்படியானால்", "இருந்தாலும்" என்னும் சிறு சொற்கள். இவற்றை எந்த மொழியில் தயக்கமின்றி ஆள முடிகிறதோ, அந்த மொழியில்தான் பிள்ளை ஊகிக்கும், மறுக்கும், மாற்றிக்கொள்ளும். நம் பிள்ளைகளுட் பலருக்கு அது இன்றும் தமிழ். அதுவும் வீட்டில் வழங்கும் தமிழ். "காத்து முட்டுது" என்பதைக் கொச்சை எனக் கடிந்து அடக்கினால், நாம் அடக்குவது ஒரு கருதுகோளை.

இதில் தமிழுக்கும் ஒரு கடன் இருக்கிறது. அறிவியல் தமிழ் என்று நாம் பல்லாயிரம் கலைச்சொற்களைத் தொகுத்துள்ளோம். ஊகிக்கவும் வாதிடவும் சோதிக்கவும் பயன்படாத மொழியில் அச்சொற்கள் அகராதியில் துயிலும். பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு குவளையைச் சுற்றி நின்று தமிழில் வாதிடும் வகுப்பே, அறிவியல் தமிழ் உயிரோடு இருக்கும் இடம்.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

தீ, வீரியமிக்க அமிலம், நச்சுப்பொருள் ஆகியவற்றைக் கொண்ட வித்தைகளைத் தொடக்கப்பள்ளியில் அறவே தவிர்க்க வேண்டும். மெழுகுவத்தியைக்கூட ஆசிரியரே கையாள வேண்டும். நீரும் காற்றும் மஞ்சளும் எலுமிச்சையும் போதும்.

ஒரு வகுப்புக்கு ஒரு வித்தை போதும். அடுக்கடுக்காகக் காட்டினால் அது கலைநிகழ்ச்சியாகிவிடும். காட்டியபின் ஆசிரியர் சற்றுநேரம் வாய் திறவாதிருத்தல் நன்று. அந்த அமைதியில்தான் பிள்ளைகளின் ஊகங்கள் பிறக்கின்றன. காணல், ஊகித்தல், சொல்லல், சோதித்தல், அதன்பின் பெயரிடல் என்பதே வரிசை.

இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குச் சற்றேனும் மூச்சுவிட இடம் கிடைத்துள்ளது. அவ்விடத்தை மற்றொரு பயிற்சி ஏட்டால் நிரப்பாமல், பிள்ளைகளின் பேச்சால் நிரப்பலாம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. ஆசிரியர் ஒரு பெரிய சொல்லைக் கூறும்போது, "அப்படியென்றால் என்ன?" என்று பணிவோடு கேளுங்கள். அது அவமதிப்பன்று. அந்த வினாவைத் தாங்கும் சொல் அறிவியற் சொல். தாங்காதது மந்திரச் சொல்.

இறுதியாக, பால் ஸ்டோருக்குத் திரும்புவோம். இரப்பர்ப் பாலில் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் புரதம் போர்த்தியிருக்கிறது. அதன்மேல் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஒரேவகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டாமல் பால் நீர்மமாகவே இருக்கிறது. பார்மிக் அமிலம் சேர்ந்ததும் அம்மின்னூட்டம் நடுநிலையாகிறது, விலக்கம் நீங்குகிறது, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகின்றன. பாலை நீர்மமாகவே நெடுநேரம் வைத்திருக்க வேண்டுமாயின், காரமாகிய அம்மோனியாவைச் சேர்ப்பர். எலுமிச்சை பிழிந்தால் பசும்பால் திரிவதும் இதற்கு நெருங்கிய உறவு. அதை எந்த வகுப்பிலும் செய்து காட்டலாம்.

இவ்விளக்கம் இரண்டு நிமிடத்திற்கும் குறைவானது. நாம் அதை அறிந்துகொள்ளத் தோட்டத்தைவிட்டு நீங்கிப் பல்லாண்டு சென்றது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு பேராக்கில் வேரூன்றிய மரம் அது. தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார் அந்தப் பாலைச் சுமந்தனர். அது எவ்வாறு தகடாகிறது என்பதை அவர்கள் கைகள் அறிந்திருந்தன. ஏன் ஆகிறது என்பதை அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்ல எவரும் முன்வரவில்லை. நம் ஊர்த் தோட்டத்தில் அவ்வித்தையின் மறைவிடம் இறுதிவரை திறக்கப்படவே இல்லை.

இன்று தோட்டங்கள் பல இல்லை. அவற்றின் பெயர் தாங்கிய பள்ளிகள் இருக்கின்றன. அப்பள்ளிகளில் அமர்ந்திருக்கும் அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகள், தாம் கற்றதை "ஆம்" என்று முடிக்காமல், "தான்" என்று முடிக்கும் நாள் வர வேண்டும். அதற்கு ஒரு குவளை நீரும், ஓர் அட்டையும், பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.